வெள்ளைத் தலைமுடி ஐயா

ஜப்பானில் பொடியன்களுக்கென்றே எழுதப்படும் சண்டைக் கதைகளை ஷோனென் என்பார்கள். புத்தகமாக வந்தால் மங்கா, படமாக ஓடினால் அனிமே. அவற்றில் பாத்திரங்களை எழுதும் விதத்தைப் பற்றி அண்மையில் ஒரு கட்டுரை எழுதினேன். பெற்றோரைக் கொல்லாமல் இவர்களுக்கு ஒரு கதையைத் தொடங்கவே வராதா என்று கேட்டிருந்தேன். பெண்பிள்ளைகளுக்குக் கதாநாயகனின் பெயரைச் சொல்லிக் கத்துவதைத் தவிர வேறு வேலை கொடுத்தால் குறைந்தா போவார்கள் என்றும் கேட்டிருந்தேன். ரசிகர்கள் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். ஏசியவர்கள் பலர். அதில் ஒருவர் எழுதியதுதான் மனதில் நின்றது: "கதையே விளங்காத ஆட்களெல்லாம் விமர்சனம் எழுத வந்துவிட்டார்கள்."

அவரோடு எனக்குச் சண்டையில்லை. கதை விளங்காமல் பார்த்தவள்தான் நான். ஒரு முழுத் தொடரை, இரண்டு வருடத்துக்கு மேல், ஒரு கிழமையும் தவறாமல், தலைகீழாக விளங்கிக்கொண்டு பார்த்திருக்கிறேன். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமும் இல்லை.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. அம்மா தாதி. யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு அவருக்கு மாற்றம் வந்தது, என்னையும் கூட்டிக்கொண்டு வந்தார். ஐயா யாழ்ப்பாணத்திலேயே ஒரு கந்தோரில், அரசாங்க அலுவலகத்தில், கிளாக்கர். எங்கள் வீட்டில் அப்பாவை ஐயா என்றுதான் கூப்பிடுவோம். "ரெண்டு மாசத்திலை நானும் மாற்றம் எடுத்துக்கொண்டு வாறன்" என்று பஸ் ஏற்றிவிடும்போது சொன்னார். இரண்டு மாதம் முடிவதற்குள் மறுபடி சண்டை தொடங்கிப் பாதையைப் பூட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு வெளியே வர இருந்தது கப்பல் ஒன்றுதான். அதில் ஏறுவதற்கு இராணுவத்தின் அனுமதி வேண்டும், கந்தோரில் லீவும் வேண்டும். அனுமதி கிடைத்தபோது லீவு கிடைக்கவில்லை. லீவு கிடைத்தபோது அனுமதிக்குக் கொடுத்த நாள் கடந்திருந்தது.

நானும் அம்மாவும் கண்டிக்குப் பக்கத்தில் வத்தேகமையில் ஒரு முஸ்லிம் குடும்பத்தின் வீட்டோடு ஒட்டிய இரண்டு அறைகளில் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்காரரின் கடைசி மகளுக்கும் என் வயதுதான். இரண்டு பேரும் கண்டியில் ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு. பஸ்ஸில் தமிழில் கதைக்காதே என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தார். எனக்கு வேறு மொழியும் வராது என்பதால் கண்டி போய்ச் சேரும்வரை வாயைத் திறக்கமாட்டேன். அவள் இரண்டு பேருக்குமாகச் சேர்த்து மளமளவென்று சிங்களத்தில் பேசிக்கொண்டு வருவாள். சோதனைச் சாவடியில் என் அடையாளத்தைக் கேட்டாலும் அவள்தான் முந்திக்கொண்டு பதில் சொன்னாள்.

தமிழில் மட்டும் நாங்கள் அடிக்கடி முட்டிக்கொண்டோம். வந்த முதல் கிழமையே அவள் ஓடிவந்து சொன்னாள்.

"எங்கட தாத்தாக்குக் கலியாணம் சரிவந்தீக்கி. நீயும் வரணும்."

நான் திடுக்கிட்டுப் போனேன். "உங்கடை தாத்தாவுக்கு எத்தினை வயசு?"

"இருவத்திரண்டு."

அவர்கள் வீட்டில் தாத்தா என்றால் அக்கா. அண்ணன் நாநா, அப்பா வாப்பா, அம்மா உம்மா. அவள் சிரித்துச் சிரித்து நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். நான் அந்தச் சொற்களையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதிப் பாடமாக்கினேன். சிங்களத்திலும் இதே சொற்கள் வேறு வேறு ஆட்களைக் குறிக்கலாம் என்று எனக்குத் தோன்றவேயில்லை. சந்தையில் மரக்கறி விற்பவரையும் பஸ் கொண்டக்டரையும் சனங்கள் 'அய்யா' என்று கூப்பிடுவதைக் கேட்டு, "சிங்களச் சனம் எவ்வளவு மரியாதை, என்னம்மா" என்று அம்மாவிடம் சொன்னேன். அவர் டியூட்டி முடிந்து வந்த களைப்பில் ஓம் என்றார்.

வியாழக்கிழமை பின்னேரங்களில் அவர்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் அந்தத் தொடர் சிங்களக் குரல்களோடு போகும். அதன் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் அதற்கும் ஒரு கூட்டம் கிளம்பி வரும். கதை எனக்கு விளங்கியது இப்படி. காற்றைக் கையில் பிடிக்கத் தெரிந்த ஒரு பொடியன். முதல் நாளே அவனுடைய ஊர் எரிகிறது. தாடி வைத்த ஒருவர் நெருப்புக்குள் அகப்பட்டு இறந்துபோகிறார், பொடியன் "தாத்தா, தாத்தா" என்று கதறுகிறான். பாவம், தாத்தா போய்விட்டார், ஆனாலும் வயதானவர்தானே என்று நான் மனதைத் தேற்றிக்கொண்டேன். அவனுடைய ஐயா உயிரோடு இருக்கிறார். மலைமேல் ஏழு வாசல்களுக்கு அப்பால் எங்கேயோ நிற்கிறார். அவரை முதுகுப்புறமாக மட்டும் காட்டுவார்கள்: சாம்பல் நிற அங்கி, இடுப்பு வரைக்கும் வெள்ளைத் தலைமுடி. பொடியன் ஒவ்வொரு வாசலிலும் ஒருவனோடு சண்டை பிடித்து, இரத்தம் ஒழுக நின்று, மலையைப் பார்த்து "அய்யா!" என்று கூப்பிடுவான். கொஞ்சம் இழுத்துச் சொன்னாலும் அது என்னுடைய சொல்.

பள்ளிக்கூடத்தில் இந்தத் தொடருக்கு ஒரு மன்றம் இருந்தது. ஆறேழு பெண்பிள்ளைகள், தலைவி வீட்டுக்காரரின் மகளான என் சிநேகிதி. இன்று இணையத்தில் நடக்கும் அத்தனை கூத்தும் இடைவேளையின் இருபது நிமிடத்துக்குள் அங்கே நடந்தது. யாருக்கு யாரைவிடப் பலம் அதிகம் என்று ஒரு பட்டியல். பட்டியலை மனப்பாடமாகச் சொன்னால்தான் ஃபேன். மூன்றாம் வாசல்காரனுக்குப் பின்னால் இரண்டாம் வாசல்காரனைச் சொல்லிவிட்டால் அன்றைக்குப் பக்கத்தில் இருக்க விடமாட்டார்கள். படத்தில் வரும் சொல்லை அப்படியே சொல்லவேண்டும், தமிழாக்கக்கூடாது என்பது அவள் போட்ட சட்டம். அந்த வெள்ளைத் தலைமுடிக்காரருக்குத் தொடரில் பெயரே கிடையாது. அதனால் மன்றத்திலும் அவர் எல்லோருக்கும் 'அய்யா'தான். ஒருவரும் அந்தச் சொல்லை விளக்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் எனக்குப் பாதி விளங்குவதில்லை என்று தெரிந்துவிடும், மன்றத்தில் இருக்க முடியாது. விளங்காததைக் கேட்கப் பயந்து தலையாட்டிக்கொண்டிருக்கும் ரசிகர்களை இன்றைக்கும் பார்க்கிறேன். எனக்கு அவர்கள்மேல் கோபம் வரும், உடனே பாவமாகவும் இருக்கும்.

ஒரேயொரு முறை துணிந்து கேட்டேன். "அய்யாவுக்கு ஏன் அவ்வளவு வெள்ளைத் தலைமயிர்? சரியான வயசோ?"

"இந்தக் கார்ட்டூன்கள்ல வெள்ள முடி வயசில்லடி" என்றாள் தலைவி. "அது ஸ்டைலு."

ஞாயிறு காலையில் ஐயா தொலைபேசி எடுப்பார். யாழ்ப்பாணத்தில் ஒரு கடையில் வரிசையில் நின்று எடுக்கவேண்டும், இங்கே வீட்டுக்காரரின் தொலைபேசிக்குத்தான் வரும். அம்மா முதலில் கதைப்பார். அனுமதி, லீவு, அரிசி இருக்கிறதா, மருந்து இருக்கிறதா. அந்தக் கதைகளில் நல்ல செய்தி ஒன்றும் இருக்காது. பிறகு அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் தருவார். எனக்கும் முதல் இரண்டு கிழமை என்ன கதைப்பதென்று தெரியவில்லை. மூன்றாவது கிழமை தொடரின் கதையைச் சொன்னேன். பொடியன் ஐயாவைத் தேடிப்போகிறான் என்று சொன்னதும் ஐயா கொஞ்ச நேரம் பேசாமலிருந்தார். லைன் அறுந்துவிட்டதோ என்று நான் ஹலோ ஹலோ என்றேன்.

"நிக்கிறன் பிள்ளை. தாத்தாவுக்கு என்ன நடந்ததெண்டு சொன்னனி?"

"அவர் முதல் நாளே செத்துப்போனார். ஐயாதான் உயிரோடை இருக்கிறார்."

"ஓம், ஓம். அப்ப அவன் தேடத்தான் வேணும். பிறகு?"

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் "பிறகு?" என்றுதான் தொடங்குவார். அவர் கேட்கும் கேள்விகளுக்கு அந்தத் தொடரை எழுதியவர்களிடம் பதிலே இருந்திருக்காது. இவ்வளவு தூரம் நடக்கிறானே, அவன் சாப்பிட்டவனோ? ஆர் சமைக்கிறது? மழைக்கு எங்கே படுக்கிறான்? கூடப் போகிற அந்தப் பிள்ளைக்கு மருத்துவம் தெரியுமென்றாயே, அவள் ஏன் சும்மா நிற்கிறாள்? அவள் சும்மாதான் நின்றாள். கைவிரலால் தொட்டுக் காயத்தை ஆற்றத் தெரிந்தவள் என்று முதலில் பெரிதாகச் சொல்லிவிட்டு, தொடர் முழுக்க ஒரு மரத்தடியில் நின்று அவனுடைய பெயரைச் சொல்லிக் கத்தவிட்டார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. அம்மாவிடம் கேட்டு, இரத்தம் வந்தால் முதலில் அழுத்திப் பிடிக்கவேண்டும், காலை உயர்த்தி வைக்கவேண்டும் என்றெல்லாம் தெரிந்துகொண்டு, ஐயாவுக்குச் சொல்லும்போது அவளை வேலை செய்யவைத்தேன். அவளுக்கு ஒரு பொறுமையும் ஒரு சிடுசிடுப்பும் கொடுத்தேன். இரண்டும் அம்மாவிடமிருந்து எடுத்தவை. "கெட்டிக்காரப் பிள்ளை" என்று ஐயா அவளைப் பாராட்டினார்.

கதையில் வரும் ஐயாவுக்கும் அப்படித்தான் செய்தேன். தொடரில் அவர் மலையில் அங்கி பறக்க நிற்பார், அவ்வளவுதான். நான் அவரை யோசிக்கவைத்தேன். பொடியன் எந்த வாசலுக்கு வந்திருப்பான், செருப்புத் தேய்ந்திருக்குமோ என்று அவர் கவலைப்பட்டார். அவரால் இறங்கிவர முடியாது, வாசல்களை வேறு ஆட்கள் பூட்டியிருக்கிறார்கள்.

ஒருநாள், "இஞ்சை எனக்குப் பின்னாலை நிக்கிற மனிசன் கேக்கிறார், வாசலிலை நிக்கிற அந்த ஒற்றைக்கண்ணன் நல்லவனோ கெட்டவனோ எண்டு" என்றார். ஐயா கதையை வரிசையில் நின்றவர்களுக்குச் சொல்லத் தொடங்கியிருந்தார். அரிசியும் மாவும் இல்லாத ஊரில், அந்தத் தொடரில் ஒரு காட்சிகூடப் பார்க்காத ஆட்கள் அதற்கு ஒரு மன்றம் அமைத்துவிட்டார்கள். அங்கே பலப் பட்டியல் கிடையாது. அடுத்து என்ன நடந்தது என்ற கவலை மட்டும் இருந்தது.

கடைசி வாரம் வந்தது. மன்றம் முழுவதும் வத்தேகமைக்கு வந்து அவர்கள் வீட்டு விறாந்தையிலும் கதிரைகளிலுமாக நிறைந்திருந்தது. சிநேகிதியின் உம்மா எல்லோருக்கும் தேத்தண்ணீர் ஊற்றித் தந்தார். பொடியன் ஏழாம் வாசலைத் தள்ளித் திறந்தான். வெள்ளைத் தலைமுடி காற்றில் பறந்தது. அவர் மெல்லத் திரும்பினார்.

மீசைகூட முளைக்காத ஒரு முகம். பொடியனைவிட நாலைந்து வயது கூடலாம்.

"ஐயா ஏன் இவ்வளவு இளமை?" என்று என்னை அறியாமல் சத்தமாகக் கேட்டுவிட்டேன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "எளமையா இல்லாம? அது அவன்ட நாநாடி!" என்றாள் என் சிநேகிதி. "அய்யா என்டா சிங்களத்தில நாநா. நீ யாருன்னு நெனச்ச?"

"அவன்ர அப்பா எண்டு..."

விறாந்தையே சிரித்தது. அவளும் சிரித்தாள், தாத்தாவின் கலியாணத்துக்குச் சிரித்த மாதிரியே. நான் சிரிப்பு அடங்கும்வரை இருந்து கேட்டேன்.

"அப்ப அவன்ர அப்பா எங்கை?"

"தாத்தா என்டா வாப்பா. அவரு மொத நாளே நெருப்புல மௌத்தாப் போனாரே, நீயும்தானே பாத்தாய்."

திரையில் அண்ணனும் தம்பியும் கட்டிப்பிடிக்கவில்லை. இத்தனை நாள் தேடியவனைக் கண்டதும் அந்தப் பொடியன் செய்த முதல் வேலை கையில் காற்றைப் பிடித்து ஓங்கியதுதான். மன்றம் கைதட்டியது. நான் எழுந்து எங்கள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். இரண்டு வருடமாக அந்தத் தாடிக்காரர் செத்துக்கிடந்திருக்கிறார். அவரைத் தேடி ஒருவனும் போகவில்லை. முதல் நாளே நான் பார்த்து, வயதானவர்தானே என்று விட்டுவிட்டேன். அதுதான் என்னைத் தின்றது.

அந்த ஞாயிறு தொலைபேசி வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. யாழ்ப்பாணத்துக்கு லைன் கிடைக்கவில்லை, எல்லோருக்கும் அப்படித்தான் என்று அம்மா சொன்னார். சொல்லிவிட்டு எந்த நேரமும் வானொலிக்குப் பக்கத்திலேயே இருந்தார். கதையில் அந்த அப்பா செத்துப்போனவர் என்று ஆனதால்தான் ஐயாவுக்கு ஏதோ நடந்துவிட்டது என்று நான் நம்பினேன். அதை அம்மாவிடம் சொல்ல முடியவில்லை. மன்றத்தில் என்னைக் கண்டால் "அய்யா" என்று கூவிச் சிரித்தார்கள். என் சிநேகிதி மட்டும் இரண்டாம் கிழமை பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அந்த பஸ்ஸில், தமிழில், தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"உம்மா எனக்கு நல்லா ஏசினாங்க. நீ வெளங்கித்தான் பாக்கிறாய்னு நெனச்சேன்டி. உங்கட வாப்பாவ நெனச்சுப் பாத்தாய்னு எனக்குத் தெரியாது."

நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்டி வரும்வரை அவள் என் கையை விடவில்லை. அன்று இடைவேளையில் மன்றத்தில் ஒரு புதுச் சட்டம் போட்டாள்: விளங்காவிட்டால் கேட்கலாம், சிரிக்கிறவள் வெளியே.

நாலாவது ஞாயிறு தொலைபேசி அடித்தது. அம்மா அழுதுவிட்டு என்னிடம் தந்தார்.

"பிறகு?" என்றார் ஐயா.

"அது அவன்ர அண்ணன். சிங்களத்திலை அய்யா எண்டால் அண்ணன். உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியும் பிள்ளை."

"எப்ப இருந்து?"

"நீ முதல் சொல்லேக்கையே."

ஐயா இளமையில் சிங்களப் பகுதியான குருநாகலில் வேலை பார்த்தவர். தமிழருக்கு எதிரான கலவரத்தோடு ஒரு பையை மட்டும் எடுத்துக்கொண்டு ஊருக்குத் திரும்பியவர் என்பது எனக்குத் தெரியும். அந்த மொழியை அவர் வீட்டில் ஒருநாளும் பேசியதில்லை. அதனால் அது அவருக்குத் தெரியும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

"ஏன் சொல்லேல்லை? எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிச்சவை."

"அய்யா அண்ணன் எண்டு திருத்தினால் தாத்தா ஆரெண்டும் சொல்லவேணுமெல்லோ? அந்தப் பொடியன்ர தேப்பன் முதல் நாளே போனது. அதை நான் இஞ்சை இருந்துகொண்டு உனக்கு எப்பிடிச் சொல்லுவன்? நீ கிழமைக்குக் கிழமை அவரை உயிரோடை வைச்சிருந்தாய். அவருக்குச் சாப்பாடு குடுத்தாய், யோசிக்க விட்டாய். கேட்டுக்கொண்டு நிக்கேக்கை, எனக்கும் ஆரோ வாறமாதிரி இருந்தது."

நான் விம்மி விம்மி அழுதேன். தொலைபேசியில் வரிசைக்காரர்களின் சத்தம் கேட்டது.

"இவை கேக்கினம், பொடியன் கண்டுபிடிச்சிட்டானோ எண்டு. என்ன சொல்ல?"

மூக்கைத் துடைத்துக்கொண்டு யோசித்தேன். "இன்னும் இல்லை எண்டு சொல்லுங்கோ. எட்டாம் வாசல் ஒண்டு கிடக்கு."

தொடர் முடிந்துவிட்டது, நான் முடிக்கவில்லை. எட்டாம் வாசல், ஒன்பதாம் வாசல் என்று ஞாயிற்றுக்கு ஞாயிறு கட்டிக்கொண்டே போனேன். சிநேகிதி பக்கத்தில் இருந்து கேட்பாள். காவல்காரர்களின் பலத்தில் நான் பிழை விட்டால் தொலைபேசிக்கு நடுவிலேயே திருத்துவாள், திருந்தாத ஃபேன். பதினாலாம் வாசலில் பொடியன் களைத்து உட்கார்ந்திருந்த கிழமையில் அனுமதியும் லீவும் ஒரே நேரத்தில் வந்தன. ஐயா கப்பலில் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து பஸ் ஏறினார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் வத்தேகமைச் சந்தியில் அம்மாவும் நானும் அவளும் நின்றோம். பஸ்ஸிலிருந்து ஆட்கள் இறங்கினார்கள். மெலிந்த ஒருவர் பையோடு கடைசியாக இறங்கி அங்குமிங்கும் பார்த்தார். நான் அவரைத் தாண்டி அடுத்தவரைத் தேடினேன். பஸ்ஸில் வேறு ஒருவரும் இல்லை. அம்மா அவரிடம் ஓடிவிட்டார்.

என்னை ஏற்றிவிட்டபோது ஐயாவின் தலை கன்னங்கரேலென்று இருந்தது. இப்போது ஒரு மயிர் கறுப்பில்லை. அந்தக் கடை வரிசையில், ஒவ்வொரு ஞாயிறும், நான் காணாமல் வெளுத்திருக்கிறது. வெள்ளைத் தலைமுடி என்று நான் வர்ணித்த நேரமெல்லாம் அவர் ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அழுகை மட்டும் வந்தது.

அவள் என் முதுகில் கைவைத்துத் தள்ளினாள்.

"போடி" என்றாள், அவளுக்கும் குரல் உடைந்திருந்தது. "அது வயசில்ல, ஸ்டைலு."

நான் சந்தி முழுக்கக் கேட்கும்படி ஐயா என்று கூப்பிட்டேன். இரண்டு மூன்று சிங்களப் பொடியன்கள் தங்களைத்தான் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தார்கள். ஐயாவும் பார்த்தார்.